காண்போரும் உடன்நிற்போரும்

பூம்புகாரின் பெருவீதியில் மக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றனர். ஓரிடத்தில் கள்ளுண்டு களித்தவன் ஒருவனின் பேச்சைக் கேட்டு நிற்கின்றனர். மற்றோரிடத்தில் பித்தேறிய ஒருவனைச் சூழ்ந்து நிற்கின்றனர். பிறிதோரிடத்தில் பேடிக் கோலத்தில் ஆடும் ஒருவரைக் கண்டு நிற்கின்றனர். மணிமேகலையும் சுதமதியும் மலர்வனம் நோக்கிச் செல்லும் வழியில் சாத்தனார் தீட்டிக் காட்டும் வீதி இது. களிமகன், பித்தன், பேடி ஆகிய மூவரும் அக்கூட்டத்தின் கண்ணுக்கு ஒரே வகையினர். மூவரும் வேடிக்கைப் பொருள். ஆடியவரின் பெயர் காப்பியத்தில் இல்லை. பெயர் என்னவென்று கூட்டத்தில் எவரும் கேட்டதாகவும் இல்லை.

பால்புதுமையரைத் தமிழ்ச் சமூகம் எக்காலத்தும் கண்டு வந்திருக்கிறது. இலக்கணம் கண்டது, காப்பியம் கண்டது, கோயில் திருவிழா கண்டது. ஆயினும் காண்பது வேறு, உடன்நிற்பது வேறு. காண்பவர் வீதியோரத்தில் நிற்கிறார். காட்சி முடிந்ததும் வீடு திரும்புகிறார். உடன்நிற்பவரோ பிறர்மேல் விழும் சொல்லைத் தம்மேலும் ஏற்கிறார். முன்னவர் பின்னவராக மாறிய தருணங்கள் தமிழக வரலாற்றில் சிலவே. அச்சிலவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும்: உடன்நிற்றல் இரக்கத்தில் தொடங்கவில்லை, 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும்' என்னும் ஒப்புதலில் தொடங்கியது.

இலக்கணம் தந்த இடம்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டையும் ஐம்பால் முறையையும் வகுத்த உடனேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கிறது. ஆண்மையிலிருந்து திரிந்து பெண்மையை நாடியவரை எந்த ஈற்றால் சுட்டுவது? தொல்காப்பியர் அவரை உயர்திணையில் வைக்கிறார். அவருக்கெனத் தனியாக ஓர் ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அவர் பெயர் ஏற்கும் என்றும் கூறுகிறார். அதே நூற்பாவில், தமக்கெனத் தனி ஈறு இல்லாத மற்றொரு வகைப் பெயரையும் இணைக்கிறார். அவை தெய்வத்தைச் சுட்டும் பெயர்கள். பேடியும் தெய்வமும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

அவ்வியலின் மற்றொரு நூற்பா இன்னும் துல்லியமானது. ஆண்மை திரிந்தவரைச் சுட்டும் பெயர், ஆண்பால் வினைமுடிபை ஏலாது என்பது அதன் கருத்து. 'வந்தாள்' எனலாம், 'வந்தார்' எனலாம். 'வந்தான்' என முடித்தல் ஆகாது. இன்று ஒரு திருநங்கையைப் பழைய பெயரால் அழைத்து 'அவன்' என்று பேசுவோர், நாகரிகப் பிழையோடு இலக்கண வழுவையும் சேர்த்தே செய்கின்றனர்.

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார் இதனை மேலும் விரித்தார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால் என்பது அவர் காட்டும் வகை. பால் துணியும் அளவுகோல் இங்கு உடலன்று, விருப்பம். ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமை உடையவர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் உள்ளீட்டோடு ஒத்த ஒரு நோக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழிலக்கணத்தில் இடம்பெற்றிருந்தது.

ஆயினும் இதைக் கொண்டு பழம்பெருமை பேசி அமைந்துவிடல் ஆகாது. அதே நன்னூல் நூற்பா, இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒத்தும் வரலாம் என்னும் வழியையும் திறந்து வைக்கிறது. அந்த வழி இன்றும் அடைபடவில்லை. தெருமுனையில் ஒரு திருநங்கை நடந்து வருகையில் 'அது வருகிறது' என்று சொல்லும் வாய், நன்னூலைக் கல்லாமலே அதன் கடைசி அடிக்கு உரையெழுதுகிறது. இலக்கணத்தில் இடம் பெற்றவர் எல்லாரும் சமூகத்தில் இடம் பெற்றாரல்லர். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் பேடியாடலும் ஒன்று. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் வாணன் நகரில் ஆடியதாகச் சொல்லப்படும் கூத்து அது. அக்கூத்தைக் கலையென ஏற்ற நகரம், பேடியாகவே வாழ்ந்தவரைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர வைத்ததா என்பதற்குக் காப்பியத்தில் விடையில்லை.

சட்டம் விரித்த நிழல்

வேடிக்கை பார்த்தலோடு நின்றிருந்த சமூகத்தின் கையில் தண்டனையைக் கொடுத்தது ஆங்கிலேயர் ஆட்சி. மெக்காலே தலைமையில் வரைவு செய்யப்பெற்று 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானவை எனத் தான் கருதிய உறவுகளைக் குற்றமாக்கியது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியப் பகுதிகளில் வாழ்ந்த ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வகை செய்தது. பெண்ணுடையில் பொதுவிடத்தில் ஆடுவதும் பாடுவதும் அவர்களுக்குக் குற்றமாயின.

377-ஆம் பிரிவின் நிழல் ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேலாக நீடித்தது. 2009 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் தம் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவை அப்பிரிவிலிருந்து விலக்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அத்தகைய உறவு குற்றமன்று என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சட்டம் ஒருவரைக் குற்றவாளி அல்லர் என்று மட்டுமே சொல்ல வல்லது. 'நீ எம்மவர்' என்று சொல்ல அண்டை வீட்டாரால்தான் இயலும்.

ஆசானின் இல்லம்

'உடன்நிற்பவர்' என்னும் கருத்தே பேசப்படாத ஒரு காலத்தில், அதனை வாழ்ந்து காட்டிய ஒருவர் தஞ்சையில் இருந்தார். தஞ்சை நால்வர் மரபில் வந்த நாட்டியப் பேராசான் கே. பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999) அவர். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜும் அவர் உயிர்த்தோழி சக்தி பாஸ்கரும் நாட்டியம் கற்கும் வேட்கையோடு 1980-களில் அவரைத் தேடிச் சென்றனர். குடும்பத்தின் புறக்கணிப்பும் ஊராரின் ஏளனமும் அவ்விருவரையும் விரட்டிக்கொண்டிருந்த நாள்கள் அவை. ஆசான் உடனே ஏற்கவில்லை. நெடுநாள் காத்திருக்கச் செய்தார். கலைமேல் கொண்ட உறுதியைச் சோதித்தார். பிறகு தம் மாணவியராக ஏற்றார். 'நர்த்தகி' என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கிட்டப்பா பிள்ளை பாலினக் கோட்பாடு எதையும் பேசவில்லை. இரங்கிச் சலுகையும் காட்டவில்லை. எந்த மாணவருக்கும் வைக்கும் சோதனையையே வைத்தார். எந்த மாணவருக்கும் கொடுக்கும் வித்தையையே கொடுத்தார். கூடவே, அவர் யாராக வாழ விரும்பினாரோ அந்தப் பெண்மைக்குரிய பெயரையும் கொடுத்தார். பூம்புகார்க் கூட்டம் கேட்கத் தவறிய பெயரைத் தஞ்சையின் ஆசான் தாமே சூட்டினார். அதன் விளைவை நாடறியும். 2019-இல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021-இல் தமிழ்நாட்டு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராகவும் அமர்த்தப்பட்டார்.

எழுதப்பட்டவரும் எழுதியவரும்

எழுத்துலகம் எவ்வாறு நின்றது? சிவகாசிக்குத் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன், 'கோமதி' என்னும் சிறுகதையில் பெண்ணியல்பு கொண்ட ஆண் சமையற்காரர் ஒருவரை நாயகராக்கினார். கரிசல் வீடுகளின் அடுக்களையில் எல்லாரும் கண்டு, எல்லாரும் சிரித்து, எவரும் எழுதாத ஒரு மனிதர் அவர். 1994-இல் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல் வெளிவந்தது. சிற்றூரில் பிறந்த ஓர் இளைஞர் திருநங்கையாகும் வாழ்வை, வெகுமக்கள் வாசிக்கும் வார இதழின் தொடராகவே அவர் எழுதினார். அந்நாளைய திரைப்படங்கள் அத்தகையோரை நகைச்சுவைக் காட்சிக்கு மட்டுமே அழைத்துக்கொண்டிருந்தன என்பதை நினைவிற் கொண்டால் அத்தொடரின் துணிவு விளங்கும்.

இவ்விருவரும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து முன்வந்தவர்கள். எனினும் அவர்கள் பிறருக்காகப் பேசியவர்களே. பேசப்பட்டவர் தாமே பேசத் தொடங்கியபோது தமிழ் உரைநடை புதியதொரு குரலைப் பெற்றது. 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு வெளிவந்தது. பிரியா பாபு நூல்கள் எழுதியதோடு, மதுரையில் திருநர்க்கென வள மையம் ஒன்றையும் நூலகத்தையும் அமைத்தார். அ. ரேவதி தம் சமூகத்தாரின் வாழ்க்கைகளைத் தொகுத்தார். பின்னர்த் தம் வாழ்வை 'வெள்ளை மொழி' என எழுதினார். கல்கி சுப்பிரமணியம் கவிதை நூல் தந்தார். வித்யாவின் தன்வரலாறு கன்னடத்தில் திரைப்படமாகித் தேசிய விருதுகளும் பெற்றது.

உடன்நிற்கும் எழுத்தாளருக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பேச எவரும் இல்லாத நாளில் பேசுவது கடமை. உரியவர் பேச எழுந்த நாளில், மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசையில் அமர்ந்து கேட்பது அதனினும் பெரிய கடமை.

பெயர் மாறிய கதை

ஒரு சமூகம் மற்றொருவரை எவ்வளவு மதிக்கிறது என்பதை அவர்க்கு வைத்த பெயரால் அளந்துவிடலாம். 'அலி' என்பதும், ஓர் எண்ணையே வசையாக்கிய சொல்லும் நெடுங்காலம் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலித்தன. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியையொட்டி நடக்கும் திருவிழா, அரவானைக் கணவனாக வரித்துத் தாலி கட்டி மறுநாள் அறுக்கும் சடங்கினால் புகழ்பெற்றது. அக்கதையிலிருந்து பிறந்த 'அரவாணி' என்னும் சொல் 1990-களில் பரவியது. வசையிலிருந்து விலகிய முதற்படி அது. ஆனால் அச்சொல் ஒருநாள் மணப்பெண்ணாகி மறுநாள் கைம்பெண்ணாகும் கதையோடு அவர்களைக் கட்டிவைத்தது.

2006 டிசம்பரில் தமிழக அரசு இச்சமூகத்தாரின் கல்வி உரிமை முதலியவை குறித்து அரசாணை வெளியிட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. இந்திய மாநிலங்களில் அத்தகைய முதல் வாரியம் அதுவே. 'திருநங்கை' என்னும் சொல்லை அந்நாளைய முதலமைச்சர் மு. கருணாநிதி பரவலாக்கினார். 'திரு'வும் 'நங்கை'யும் இணைந்த அச்சொல் மரியாதையைத் தன் உடலிலேயே தாங்கியது. அதன் வழியே 'திருநம்பி' பிறந்தது. இருவரையும் உள்ளடக்கத் 'திருநர்' வந்தது. ஏப்ரல் 15 தமிழகத்தில் திருநங்கையர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதே நாளில் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இம்மலர்ச்சி எல்லார்மேலும் பரவவில்லை. தோற்றத்தால் அறியப்பட்ட திருநங்கையர்க்குப் பெயரும் வாரியமும் கிடைத்த காலத்தில், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் ஆணை விரும்பும் ஆணுக்கும் மதிப்பான ஒரு சொல் கூடப் பொதுவழக்கில் இல்லை. பெயரில்லாதது இல்லாததாகவே கருதப்பட்டது. மதுரையில் கோபி சங்கர் நிறுவிய சிருஷ்டி அமைப்பு, அத்தகையோரைச் சுட்டும் தமிழ்ச் சொற்களை ஆக்கிப் பரப்பும் பணியை முன்னெடுத்தது. 2012 ஜூலையில் அவ்வமைப்பு மதுரையில் நடத்திய வானவில் விழாவிற்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங்கின் பெயரைச் சூட்டியது. அது அவருடைய நூற்றாண்டு. இரண்டாம் உலகப் போரில் செருமானியரின் மறைமொழியை உடைக்கத் துணைநின்ற அவ்வறிஞர், ஓர் ஆணை விரும்பியமைக்காக 1952-இல் தண்டிக்கப்பட்டு, 1954-இல் மறைந்தவர். தன்னைக் காத்தவரைத் தண்டித்த நாடு, 2009-இல்தான் அதற்காக வருத்தம் தெரிவித்தது. தில்லி வழக்கைத் தொடுத்த நாஸ் அறக்கட்டளையின் நிறுவனர் அஞ்சலி கோபாலன் மதுரை விழாவில் கலந்துகொண்டார்.

விருதுநகர் மாவட்டத்தைத் தன் எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரலில் மற்றொரு சொல்லை விரித்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலகம் மறுத்த வழக்கு அது. இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஊடுபால் குழந்தைகளுக்கு உயிர்காக்கும் தேவையின்றிச் செய்யப்படும் பால்மாற்று அறுவைச் சிகிச்சையைத் தடுக்கவும் அத்தீர்ப்பு பணித்தது. அதன்படி அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது.

கற்க முன்வந்த நீதிபதி

உடன்நிற்றலின் வரலாற்றில் மிகத் தெளிவான ஏடு 2021-இல் எழுதப்பட்டது. ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்கள் இருவர் மதுரையை விட்டுச் சென்னை சென்றனர். பெற்றோர் காணவில்லை எனக் காவல் நிலையத்தில் முறையிட்டனர். காவலரின் விசாரணையும் பெற்றோரின் அச்சுறுத்தலும் நெருக்க, அவ்விருவரும் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

அவர் முதலில் அப்பெண்களையும் பெற்றோரையும் உளவியல் வல்லுநரிடம் அனுப்பினார். அதுவரை இது வழக்கமான நடைமுறையே. அடுத்து அவர் செய்தது நீதிமன்ற வரலாற்றில் அரியது. இப்பொருள் குறித்துத் தாம் முழுதும் அறிந்தவர் அல்லர் என்றும், சமூகத்தில் பரவிய தப்பெண்ணங்கள் தமக்கும் உண்டு என்றும் அவர் ஆணையிலேயே எழுதினார். எழுதும் தீர்ப்பு மூளையிலிருந்து அன்றி நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்றால் தாமும் கற்றாக வேண்டும் எனக் கூறி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே அமர்வுக்குச் சென்றார். பால்புதுமையர் சமூகத்தினருடனும் உரையாடினார். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் இருந்தவர் மாணவர் இருக்கைக்கு மாறினார்.

2021 ஜூன் 7 அன்று வெளியான அவருடைய ஆணை, அக்கல்வியின் பயன். இசைவுடன் வாழும் வயதுவந்த இருவர் குறித்துக் காணவில்லை என முறையீடு வந்தால், அவர்தம் வாக்குமூலத்தைப் பெற்றுத் தொல்லை தராது வழக்கை முடிக்குமாறு காவல் துறைக்குப் பணித்தது. ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் 'மாற்றுச் சிகிச்சை'யைத் தடுத்தது. பள்ளி, கல்லூரி, சிறை, நீதித்துறை எனத் துறைதோறும் விழிப்புணர்வுப் பயிற்சிக்கு வழிகாட்டியது. வழக்கு அதோடு முடியாது தொடர்ந்தது. பால்புதுமையரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதி 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது. மாற்றுச் சிகிச்சை செய்வது மருத்துவ ஒழுங்கீனம் என அவ்வாண்டே தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

பெற்றோரின் நிலையையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். அவ்விரு பெண்களின் பெற்றோர் உடனே மனம் மாறினர் என்று வரலாறு கூறவில்லை. மாறிய பெற்றோரும் உலகில் உண்டு. 1972-இல் நியூயார்க்கில் தம் மகன் தாக்கப்பட்டதை அறிந்த ஜீன் மேன்ஃபோர்டு என்னும் பள்ளி ஆசிரியை, அவ்வாண்டு நடந்த உரிமை ஊர்வலத்தில் மகனோடு தெருவில் இறங்கி நடந்தார். மறு ஆண்டு அவர் கூட்டிய சிறு பெற்றோர் குழுவே பிற்காலத்தில் நாடளாவிய அமைப்பாக வளர்ந்தது. தாய் ஒருத்தி தெருவில் நடந்த சில மணிநேரம், மகன் அதுவரை தனியே நடந்த பல ஆண்டுகளை ஈடுசெய்தது.

சொற்களஞ்சியம்

சென்னை வழக்கின் ஊடே எழுந்த மற்றொரு செய்தி, கவிஞர் பெருமக்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. பால்புதுமையர் குறித்து இதழ்களும் அலுவலகங்களும் எழுதும்போது எச்சொல்லைக் கையாள்வது என்னும் வினா நீதிமன்றத்திலேயே எழுந்தது. சமூகத்தினரும் அவர்களோடு பணியாற்றியோரும் தமிழ்ச் சொற்களின் தொகுதி ஒன்றை உருவாக்கினர். நீதிமன்றத்தின் வழிகாட்டலில், 2022 ஆகஸ்ட் 20 அன்று தமிழ்நாடு அரசு அரசிதழில் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. பால்புதுமையர், தன்பால் ஈர்ப்பு, ஊடுபால் போன்ற சொற்கள் இன்று இதழ்களிலும் ஆவணங்களிலும் வழங்குகின்றன.

சொல்லாக்கம் புலவர்களின் உரிமை என்று எண்ணி வந்த நாடு இது. இங்குச் சொல்லை ஆக்கியோர், அச்சொல்லால் சுட்டப்படுவோர். பிறர் வைத்த பெயரைச் சுமந்து திரிந்தவர் தமக்குத் தாமே பெயர் வைத்தனர்; அரசு அதனைப் பதிவு செய்தது. தமக்கென ஈறு இல்லை என்று தொல்காப்பியர் குறித்த மக்கள், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் தமக்கெனச் சொல்லைப் பெற்றனர்.

வழி முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் இணையரின் திருமணத்திற்குச் சட்ட ஏற்பளிக்க மறுத்து, அதனை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது. 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் கூறியது. பெற்றோரால் வலிந்து பிரித்து வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை மீட்டுத் தரக் கோரி அவர் தோழி தொடுத்த வழக்கு அது. பிரிக்கும் கைகள் 2021-இலும் இருந்தன, 2025-இலும் இருந்தன.

விஸ்வநத்தத்தின் கடன்

பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் சூழ்ந்த விஸ்வநத்தத்தில் அமர்ந்து இவற்றையெல்லாம் பேசுவது ஏன் என்று கேட்போர் இருக்கலாம். இப்பகுதியின் வரலாறே அதற்கு விடை. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றனர். தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு, தெரிந்தவரை நாடிச் சென்று, மாதக்கணக்கில் தங்கிக் கற்று மீண்டனர். வானம் பார்த்த கரிசல் மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் தழைத்தது அந்த ஒப்புதலின் பயன். கற்கச் செல்வதை இழுக்காகக் கருதாத ஊர், மனிதரைக் கற்பதை மட்டும் இழுக்காகக் கருதலாமா?

இவ்வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிற ஊர்களில் அது நோய் தீர்ப்பது. இங்கு வெடிக்குள் செலுத்துவதும் அதுவே. மருந்துக் கலவையில் கைவைப்பவர் அதன் இயல்பை அறியாமல் கைவைப்பதில்லை. அறியாமல் வைத்தவர் குடும்பங்கள் பட்ட துயரை இவ்வூர் அறியும். சொல்லும் அத்தகையதே. கவியரங்கில் கைதட்டலுக்காக வீசப்படும் ஒரு நையாண்டி, அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் இளைஞரின் நெஞ்சில் வெடிக்கலாம். அவர் அன்று முதல் அரங்கிற்கு வாராதிருக்கலாம். ஏன் வரவில்லை என எவரும் கேளாதிருக்கலாம்.

சிவகாசி அச்சகங்களில் திருமண அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. அவற்றுள் சில, வாய்திறந்து மறுக்க இயலாத ஒரு மகளின், ஒரு மகனின் மௌனத்தின்மேல் அச்சானவையாக இருக்கக்கூடும். அம்மௌனத்தைப் பெற்றோருக்கு முன்பே அறிந்தவர் ஓர் ஆசிரியராகவோ தோழராகவோ உடன் கவிபாடும் ஒருவராகவோ இருப்பர். அறிந்தவர் செய்யத்தக்கவை எளியன. நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றிப் பிறரிடம் சொல்லாமை. 'திருமணம் செய்தால் சரியாகிவிடும்' என்று சொல்லாமை. மருத்துவத்தால் மாற்றலாம் என்பாரை மறுத்துரைத்தல். அவர் விரும்பும் பெயரால், அவர் விரும்பும் ஈற்றால் அழைத்தல். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பழிக்கும் சொல் எழுந்தால், அவ்விடத்திலேயே அதனைத் தடுத்தல். இவற்றுள் கடைசியே அரிது. அதற்குத்தான் விலை உண்டு. சிரிக்கும் கூட்டத்தில் சிரியாதவர் தனித்து நிற்க நேரும்.

தனித்து நிற்கும் அச்சிறு பொழுதில்தான் காண்பவர் உடன்நிற்பவராகிறார். இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு கூடுவது எளிய செயலன்று. ஒருவர் சொல்லை மற்றவர் பொறுமையோடு கேட்டதனாலேயே அது கூடிற்று. அப்பொறுமை இதுவரை அவைக்கு வாராதவர்க்கும் உரியதாகட்டும். பூம்புகார் வீதியில் ஆடியவரின் பெயரை இனி அறிய வழியில்லை. இவ்வூர் வீதியில் நடப்பவரின் பெயரை இன்றே கேட்கலாம்.